பொறியியலாளர் அல்லாத மகனுக்கு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உன் தேவாலயத்தில் ஆராதனை முடிந்த கையோடு நீ தொலைபேசி எடுத்தபோது நானும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உன் திருமண அழைப்பிதழ் சுவிசுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்றாய்.

"வடிவா இருக்கோ?" என்று கேட்டேன்.

"வடிவா இருக்கு அப்பா. அதில இருக்கிற மாப்பிள்ளை ஆர்?"

"என்ன தம்பி கேள்வி. நீதான்."

"நானில்லை. அந்த எஞ்சினியரையே கூப்பிட்டுக் கட்டி வையுங்கோ. நானும் நிலானியும் இஞ்ச பதிவு அலுவலகத்தில ரெண்டு சாட்சியோட முடிக்கிறம். ஆரும் வரத் தேவையில்லை."

தொலைபேசியை வைத்துவிட்டாய். அம்மா சோற்றில் இருந்து கையை எடுக்காமல் "என்னவாம்?" என்று கேட்டாள். "மாப்பிள்ளையை மாத்தட்டாம்" என்றேன். "உங்கட பகிடியைக் கொண்டுபோய் வையுங்கோ. பிள்ளை வருவானோ மாட்டானோ, அதைச் சொல்லுங்கோ" என்றாள். திருமணத்துக்கு இன்னும் மூன்று கிழமை. மண்டபம் இருக்கிறது, பங்குச் சுவாமி நாள் ஒதுக்கிவிட்டார், சமையல்காரர் எத்தனை ஆடு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை ஒருவர்தான் நிச்சயமில்லை.

அந்த அழைப்பிதழில் உன் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'பொறியியலாளர், சுவிற்சர்லாந்து' என்று பொன் எழுத்தில் அச்சாகியிருக்கிறது. நீ பொறியியலாளர் அல்ல. ஒரு சுவிஸ் நகரத்தின் தேவாலயத்தில் ஓர்கன் கலைஞன். ஓர்கனுக்கு இசை எழுதுகிறவன். போன வருடத்திலிருந்து அந்த நாட்டின் குடிமகன். இந்த மூன்றில் அழைப்பிதழுக்குத் தேவைப்பட்டது நாட்டின் பெயர் மட்டும்தான். நம்மவரின் அழைப்பிதழ்களில் மனிதனின் பெயர் என்பது அடைப்புக்குறிக்கு வழிகாட்டும் பலகை. ஞானஸ்நானத்துக்கு அடைப்புக்குறி கிடையாது, பிள்ளை இன்னும் ஒன்றும் சம்பாதிக்கவில்லை. திருமணத்தில் அது வந்து சேர்கிறது. மரண அறிவித்தலில் 'முன்னாள்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு ஆளோடு குழிக்குள் இறங்குகிறது. மாப்பிள்ளையின் பெற்றோருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. வைத்தியசாலைச் சமையலறையில் இருபத்தெட்டு வருடம் தட்டுக் கழுவிய நான், 'ஜேர்மனி, வுப்பர்டாலைச் சேர்ந்த' என்ற மரியாதையான ஒரு வரியோடு தப்பிவிட்டேன். எனக்குக் கிடைக்காத அடைப்புக்குறியை உன் பெயருக்குக் கீழே மாட்டிவிட்டேன் என்பதுதான் நடந்தது. அச்சுக்காரர் மீது கோபப்படாதே. அவர் நான் சொன்னதைத்தான் அடித்தார்.

ஆனால் பிழை அச்சுக்கூடத்தில் தொடங்கவில்லை. உனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, சனிக்கிழமைகளில் நம் தெருமுனைத் தேவாலயத்தைக் கூட்டிக் கழுவும் பகுதிநேர வேலை எனக்கு இருந்தது. உன்னையும் கூட்டிப்போவேன். நீ கீழே நிற்கமாட்டாய், மேல்மாடத்தில் ஓர்கன் பழகிக்கொண்டிருக்கும் அம்மையாரின் பக்கத்தில் போய் நிற்பாய். கோயிலின் இசைக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. மாரிகாலத்தில் வெப்பமூட்டியைப் போட்டால் அந்தப் பழைய ஓர்கனில் ஏதாவதொரு கட்டை இறுகி, அமத்தியபடியே நின்றுவிடும். ஒரு சுரம் தன்பாட்டில் ஊளையிடும். அம்மையார் இல்லாத நேரங்களில் நீ அமத்திப் பார்த்து அப்படி நடந்தால், நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு மேலே ஓடிப்போய் அந்தக் கட்டையை விரலால் மெல்லத் தூக்கிவிடுவேன், சத்தம் நின்றுவிடும். ஓர்கனைப் பற்றி எனக்குத் தெரிந்த முழுத் தொழில்நுட்பமும் அவ்வளவுதான். ஒருநாள் அந்த அம்மையார் நம் வீட்டுக் கதவைத் தட்டினார். உன் கால்கள் இப்போது மிதிகட்டைகளுக்கு எட்டுகின்றன, இதற்காகவே ஒரு வருடம் காத்திருந்தேன், புதன்கிழமைகளில் அனுப்புங்கள் என்றார். புதன்கிழமை கணித வகுப்பு இருக்கிறது என்று நான் சொன்னேன். அம்மா தேத்தண்ணீரை அவர் முன்னால் வைத்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னாள்: "அந்த மனிசி பிள்ளையைத் தேடி வீட்டுக்கு வந்திருக்கு. கணக்கு வாத்தியார் ஆரும் தேடி வந்தவரோ?" பிறகு அவரிடம் திரும்பி, புதன்கிழமைக்குத் தனக்குத் தெரிந்த ஜேர்மன் சொல்லில், "மிற்வொக், ஓம்" என்றாள். உன் வாழ்க்கையைத் தீர்மானித்த கூட்டத்தில் என் வாக்கு தோற்றுப்போன வாக்கு. இதை உனக்கு இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

நீ அபிட்டூர் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை முடித்து, கொலோன் நகரில் தேவாலய இசை படிக்க இடம் எடுத்த வருடம், ஹாகனில் ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் செல்வம் அண்ணைக்குப் பக்கத்தில் சாப்பிட இருந்தேன். "மகன் கொலோனில என்ன படிக்கிறார்?" என்று கேட்டார். எதிரே இருந்த இரண்டு பேர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "மஷீனன்பௌ" என்றேன். இயந்திரப் பொறியியலுக்கு இந்த நாட்டுச் சொல். "நல்லது. எந்தக் காலத்திலயும் வேலை இருக்கும்" என்றார் அவர். கத்தரிக்காய்க் குழம்பு வந்தது. கூரை இடிந்து விழவில்லை. ஒரு பொய் இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பராமரிப்புத்தான் கடினம் என்று பிறகு தெரிந்தது. அடுத்த வருடமே செல்வம் அண்ணை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார், அந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்க. நீ ஊரில் இல்லை. நான் நகர நூலகத்திலிருந்து பாய்மங்களின் இயக்கவியல் என்ற தடித்த புத்தகத்தை எடுத்து, நான்கு நாள் வாசித்து, அந்தப் பிள்ளைக்கு, நீ சொல்லிவிட்டதாக, ஒன்றரை மணித்தியாலம் ஆலோசனை சொன்னேன். அந்தப் பிள்ளை இப்போது கார்ஹிங் நகரில் பொறியியல் ஆராய்ச்சி செய்கிறார். நத்தாருக்கு நத்தார் கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்புகிறார், 'அண்ணாவின் வழிகாட்டலுக்கு நன்றி' என்று. என் பொய்யால் உண்மையில் உருவான ஒரே பொறியியலாளர் அவர்தான்.

பொய் உனக்குத் தெரியவந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். ஒரு கலியாண மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தில் ஒருவர் தன் காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீர் எஞ்சினியர்தானே, இந்தச் சத்தத்தை ஒருக்காக் கேளும்." நீ உண்மையாகவே குனிந்து கேட்டாய். "ஃபா சுரம். கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றாய். அவர் சுற்றி நின்றவர்களைப் பெருமையோடு பார்த்தார். "அங்கிள், நான் எஞ்சினியர் இல்லை, ஓர்கன் வாசிக்கிறனான்" என்று நீ சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தேப்பனைப் போலவே பகிடிக்காரன்" என்றார். திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது, "நான் என்ன பிழை செய்தனான் அப்பா?" என்று மட்டும் கேட்டாய். இனிமேல் ஆர் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுறன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றினேன், யாரும் கேட்காதபடி பார்த்துக்கொண்டேன். கேட்கும் முகத்தைத் தூரத்திலேயே கண்டு எழுந்து கைகழுவப் போய்விடுவேன். ஓர்கன் கச்சேரிக்கு நம்மவர் ஒருவரும் தவறியும் வரமாட்டார் என்ற நம்பிக்கை மிச்ச வேலையைச் செய்தது.

இதற்கிடையில் நீ உன் தொழிலை அமைதியாகச் செய்துகொண்டிருந்தாய். சுவிசுக்குப் போய் மேற்படிப்பு முடித்தாய். அந்த நகரத்துச் சீர்திருத்தத் திருச்சபை ஓர்கன் கலைஞர் தேடியபோது விண்ணப்பித்தாய். "அவையின்ர கோயில்ல மாதா சுருவமும் இல்லையாமே" என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், மாதா இல்லாத இடத்துக்குத்தான் ஒருவர் போகவேண்டும் என்று தானே தீர்த்துவைத்தாள். அங்கே சபைக் கூட்டத்தில் உன் முன்னிலையிலேயே கையுயர்த்தி வாக்கெடுப்பார்கள் என்று சொன்னாய். ஒரு முதியவர் எழுந்து, கத்தோலிக்கரான இவருக்கு எங்கள் சங்கீதங்கள் தெரியுமா என்று கேட்டதையும், "எல்லாம் தெரியாது, உங்கள் புத்தகத்தில் சில மோசமான பாட்டுகளும் இருக்கின்றன, அவற்றையும் பழகிக்கொள்கிறேன்" என்று நீ சொன்னதையும், அதன் பிறகு அந்த முதியவரின் கையே முதலில் உயர்ந்ததையும் நீ தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, அதை ஒருவருக்கும் சொல்ல முடியாது என்பது நினைவுக்கு வந்து ரேடியோவைப் போட்டேன். ஒரு தகப்பன் தன் மகனின் வெற்றியை ஒளித்து வைத்துக்கொண்டு திரிவது என்ன மாதிரியான வேலை என்று யோசித்துப் பார். கள்ளக்கடத்தல்காரருக்குக்கூடக் கூட்டாளிகள் இருப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு உன் புதிய ஆக்கத்தின் முதல் அரங்கேற்றத்துக்கு நானும் அம்மாவும் ரயிலில் வந்தோம். நிகழ்ச்சித்தாளை நான் வாசிக்கவில்லை, என் மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சுரம் தொடங்கி, நிற்காமல் போனது. ஒரு நிமிடம் பொறுத்தேன். இரண்டு நிமிடம். எனக்குத் தெரிந்த ஊளை அது. கட்டை இறுகிவிட்டது, மகன் கைகள் இரண்டும் வேலையில் இருக்க அவதிப்படுகிறான் என்று நினைத்தேன். அம்மா சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்துபோய், சுருள்படியில் மூச்சுவாங்க மேலே ஏறினேன். கட்டை இறுகவில்லை. அதன் மேல் நீயே ஒரு ஈயக்கட்டியை வைத்திருந்தாய். கட்டைகளுக்கு மேலிருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியில் என்னைக் கண்டாய். விரல்கள் நிற்கவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டி, நாடியால் படியைக் காட்டினாய். உட்கார்ந்தேன். அந்தச் சுரம் இருந்த இடத்திலேயே இருந்தது. மற்றச் சுரங்கள் வந்து அதோடு உரசிப் பார்த்தன, சில அதைத் தள்ளின, சில அதைக் கவனிக்காமல் கடந்துபோயின. அது விலகவுமில்லை, எங்கும் போய்ச் சேரவுமில்லை. கடைசியில் நீ கையை நீட்டி ஈயக்கட்டியை எடுத்தபோது அந்தக் கோயில் முழுவதிலும் இருந்து எதையோ கழற்றி எடுத்தது போல இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ரயிலில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாசித்தேன். ஆக்கத்தின் பெயர் 'டுல்டுங்'. அந்தச் சொல்லை இந்த நாட்டில் நம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. பிறகு வந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். உன்னை நாடு கடத்துவதாகத்தான் முடிவு, ஆனால் இப்போதைக்குச் செய்யவில்லை என்று எழுதிய தாள் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெர்மின் என்ற சந்திப்பு நேரம் எடுத்து, வெளிநாட்டவர் அலுவலகத்து நீள வாங்கிலில் காத்திருந்து புதுப்பிக்க வேண்டும். நீ பிறந்து பத்து வயதாகும்வரை நாங்கள் மூவரும் அந்தத் தாளில்தான் வாழ்ந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னதை எங்களுக்கு மொழிபெயர்த்தவன் நீ. "இப்பதான் விளங்கினதோ உங்களுக்கு?" என்று அம்மா கேட்டாள். "எனக்கு அந்தச் சத்தம் தொடங்கேக்கையே தெரிஞ்சது, அந்த வாங்கில்ல திரும்பவும் இருக்கிறம் எண்டு." நாங்கள் பத்து வருடம் பட்டதை யாருக்கும் சொல்லத் தெரியாமல் இருந்தோம். நீ அதைச் சுவிஸ்காரருக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டாய், ஒரு சொல்லும் பேசாமல்.

இவ்வளவையும் படியில் இருந்து கேட்ட அதே மனிதன்தான் இரண்டு மாதத்துக்கு முன்பு அழைப்பிதழ் அடிக்கும் கடையில் நின்றான். பக்கத்தில் நிலானியின் தகப்பன் எட்வேட் அண்ணை. இரண்டு வீட்டாருக்கும் உன் தொழில் என்னவென்று தெரியும். கணினியில் இருந்தவர், "மாப்பிள்ளை என்ன செய்யிறார்?" என்று கேட்டார். எட்வேட் அண்ணை சுவரில் தொங்கிய மாதிரிகளை ஆராயத் தொடங்கினார். "ஓர்கன் கலைஞர்" என்றேன். சொன்னேன் தம்பி, அந்த ஒருமுறை சொன்னேன். கடைக்காரர் யோசித்தார். "கீபோட் வாசிக்கிறவரோ அண்ணை? எங்கட மண்டபத்திலயும் ஒரு பொடியன் அடிக்கிறவன். நல்ல பொடியன்." அவர் கேலி செய்யவில்லை, உதவி செய்தார். அதுதான் என்னை முடித்தது. "எஞ்சினியர் எண்டு போடுங்கோ" என்றேன். எட்வேட் அண்ணை பெருமூச்சு விட்டார். பொன் எழுத்தா வெள்ளியா என்று கேட்டார்கள், பொன் என்றேன்.

நீ தொலைபேசியை வைத்த மறுநாள் எட்வேட் அண்ணையிடம் போனேன். அழைப்பிதழில் உள்ளது பொய் என்று எல்லோருக்கும் எழுதப் போகிறேன் என்றேன்.

"அண்ணை, இப்ப மாத்தினா சனம் கதைக்கும்" என்றார்.

"கதைக்கட்டும். பதினைஞ்சு வருசமா நான்தானே தனியக் கதைச்சனான்."

"நான் பிறகு முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"இருக்கிற இடத்திலயே வையுங்கோ. ஒருத்தரும் எடுக்கமாட்டினம்."

"பெடியன் வராட்டி?"

"வராட்டியும் எழுதுவன்."

அவர் அழைப்பிதழ் அனுப்பிய வீடுகளின் முகவரிப் பட்டியலை எடுத்து மேசையில் வைத்தார். ஆகவே இந்தக் கடிதம் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறது. செல்வம் அண்ணை வாசிப்பார். காரின் முன்மூடியைத் திறந்தவர் வாசிப்பார். 'டுல்டுங்' என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் வாசிக்கட்டும்: அந்த வாங்கிலில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்தான் இன்று ஒருவருக்கொருவர் பிள்ளைகளின் அடைப்புக்குறிகளைப் பரிசோதிக்கிறார்கள். ஒரு அலுவலகம் நம்மைத் தாள் பார்த்து மனிதராக எண்ணியது போதாதென்று, அந்த வேலையை மாலை நேரங்களில் மண்டபங்களில் இலவசமாகத் தொடர்ந்து செய்கிறோம். நானும் செய்தேன். இனிச் செய்யமாட்டேன். என் மகன் மிதிகட்டையில் கால் வைத்து வாசிக்கிற ஓர்கன் கலைஞன், தன் பெயரில் இசை எழுதுகிறவன், சொந்த உழைப்பில் வாழ்கிறவன். இதைக் கேட்டு அனுதாபப்படுகிறவர்கள் அன்றைக்கு வீட்டில் இருந்துகொள்ளலாம். சமையல்காரருக்கு ஒரு ஆடு குறையச் சொல்லிவிடுவேன்.

உனக்கும் ஒன்றிரண்டு சொல்ல இருக்கிறது, தகப்பன் எழுதுகிற கடிதத்தில் அது இல்லாவிட்டால் தபால்காரரே சந்தேகப்படுவார். இதுவும் ஒரு தொழிலா என்று கேட்பவருக்கு விளக்கம் சொல்லாதே. விளக்கம் சொல்வது அலுவலகத்தில் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், நிரப்பிக் கொடுப்பது மாதிரி, கேட்டவர் உடனே மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். இசையமைப்பாளர் என்றதும் எந்தப் படத்துக்கு என்று கேட்பார்கள். படத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டு உன் சாப்பாட்டைச் சாப்பிடு. நீண்ட சுரத்தை யாருக்காகவும் சுருக்காதே, இடையில் எழும்பி ஓடிவருகிற கிழவனுக்காகக்கூட. உனக்கு வேலை தந்ததற்காகவும் கடவுச்சீட்டுத் தந்ததற்காகவும் ஆயுள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று அங்கே யாராவது நினைத்தால், உன் பங்கு நன்றியை உன் தகப்பன் முன்கூட்டியே சொல்லி முடித்துவிட்டான் என்று சொல். உனக்குப் பிள்ளை பிறந்து, அது நீ வெட்கப்படுகிற ஏதாவதொன்றைச் செய்ய வந்தால், முதலில் படியில் உட்கார்ந்து கேள்.

இதை அனுப்புமுன் உனக்கு வாசித்துக் காட்டி, சரியோ என்று கேட்கும்படி அம்மா சொன்னாள். கேட்கவில்லை. பொய் சொல்லும்போது உன் சம்மதத்தைக் கேட்டேனா? உண்மையைச் சொல்ல மட்டும் உன்னிடம் கையெழுத்து வாங்கினால், நாளைக்கு இதுவும் நீ செய்வித்ததாகிவிடும். இது என் வேலை. இதற்குப் பதிலாக நீ வரவேண்டும் என்று பேரம் பேசவுமில்லை. அம்மா உன் கலியாணக் கோட்-சூட்டை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள், அது அவளுடைய பேரம். நீ வராவிட்டாலும் அன்றைக்கு நான் கோயில் வாசலில் நிற்பேன். வருகிற ஒவ்வொருவருக்கும், இன்னது என் மகனின் தொழில், இன்ன காரணத்தால் அவன் வரவில்லை என்று என் வாயால் சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வேன்.

சொல்லிப் பழகவேண்டும் என்பதற்காக இன்று காலையில் தபாலகத்தில் தொடங்கினேன். இந்தக் கடிதத்துக்காக வாங்க எடுத்த வெற்று உறைகளை எல்லாம் மேசையில் அடுக்கிவிட்டு, அவற்றை எண்ணிக்கொண்டிருந்த பெண்ணிடம், அவர் கேட்காமலே, ஜேர்மனில் சொன்னேன்: என் மகன் ஓர்கன் கலைஞன். அவர் நிமிர்ந்து பார்த்து, "அப்படியா, நல்லது" என்றார். பிறகு அடுத்த உறையை எடுத்தார். பதினைந்து வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது அந்த ஒரு பதிலுக்குத்தான்.

அப்பா